ஊர் மக்களோடு சேர்ந்து நடைவழியையும் சைக்கிள் வழியையும் வரைபடத்தில் ஏற்றுவது எப்படி?

வலங்கைமான் பக்கமிருந்து சில கல்லூரி மாணவர்கள் கேட்டது இது: பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் போகிற வழிகள் மோசமாகக் கிடக்கின்றன, பாதி வழிகள் கூகுள் மேப்பில் இல்லவே இல்லை, நாங்களே ஒரு டிஜிட்டல் வரைபடம் தயாரித்து ஊர்க்காரர்களின் கருத்தையும் சேர்த்து அதிகாரிகளிடம் கொடுத்தால் ஏதாவது நடக்குமா, எந்த ஆப்பை வைத்துத் தொடங்குவது, எவ்வளவு செலவாகும்?

நடக்கும். ஆனால் ஆப்பை வைத்துத் தொடங்காதீர்கள். ஆப்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, நாலு நாள் சாயங்காலம் உட்கார்ந்தால் கற்றுக்கொண்டுவிடலாம். உங்கள் ஊரில் அதிகம் நடப்பவர்கள் யார் என்று பாருங்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள், பழைய சைக்கிளில் மண்வெட்டியைச் சொருகிக்கொண்டு தண்ணீர் கட்டப் போகிற பெரியவர்கள், ஆறாவது ஏழாவது படிக்கிற பிள்ளைகள். இவர்களில் பலரிடம் ஸ்மார்ட்போன் இருக்காது, இருந்தாலும் ஜிபிஎஸ்ஸைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகிறவர்கள் இல்லை. ஸ்ட்ராவா மாதிரி ஆப்களில் எந்த வழியில் சைக்கிள் அதிகம் ஓடுகிறது என்று நிறம் போட்டுக் காட்டுவார்கள். அது ஆப் வைத்திருப்பவர்கள் ஓட்டிய கணக்கு மட்டும்தான். அரசாங்கக் கணக்கும் இந்த விஷயத்தில் ஒரு பெரிய இடத்தைத் தாண்டிப் போகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்கு எப்படிப் போகிறீர்கள், நடந்தா, சைக்கிளிலா, பஸ்ஸிலா என்று ஓர் அட்டவணை உண்டு, ஆனால் அதில் சொந்த நிலத்தில் பயிர் செய்பவர்களும் விவசாயக் கூலிகளும் சேர்க்கப்படவில்லை. நம் காவிரி டெல்டாவில் இந்த இரண்டு பேரையும் எடுத்துவிட்டால் நடக்கிறவர்களில் மிச்சம் யார்? அதனால் உங்கள் வரைபடத்தில் முதலில் ஏற வேண்டியது அவர்களுடைய வழி.

அடுத்து, நம் ஊர் நிலத்தின் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் (தலைப்பு என்றால் தண்ணீர் பிரிகிற இடம்) பாமணியாறு, கோரையாறு, அதற்கும் கீழே பெயர் வைத்ததும் வைக்காததுமாகக் கணக்கற்ற வாய்க்கால்கள். எல்லாம் ஏறக்குறைய கிழக்கு நோக்கியோ தென்கிழக்கு நோக்கியோதான் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் கரை இருக்கிறது, அந்தக் கரைதான் நம்முடைய நடைவழி. கிழக்கு மேற்காகப் போவது சுலபம், கரையைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். தெற்கு வடக்காகப் போவதுதான் பாடு. எதிர்க்கரையில் பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரியும், மணியடித்தால் காதில் விழும், ஆனால் பாலத்துக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் யாரோ போட்டு வைத்த பனைமரத்தின் மேலோ மூங்கிலைப் பிடித்துக்கொண்டோ தாண்ட வேண்டும். அதனால் ரோடு எங்கே போகிறது என்று வரைவதற்கு முன்னால், தண்ணீரைத் தாண்டுகிற இடங்கள் அத்தனையையும் குறியுங்கள். வண்டிப் பாலம், நடைபாலம், மதகின் மேல் நடக்கிற இடம், ஷட்டர் பலகை, பனைமரம், ஒரு காலத்தில் பாலம் இருந்து இப்போது வெறும் தூண் நிற்கிற இடம், எல்லாவற்றையும். இந்த ஒரு பட்டியல் கையில் இருந்தாலே பாதி வேலை முடிந்தது என்பேன்.

இதை யாரிடம் கேட்பது? உங்கள் பகுதி லஸ்கரைப் பிடியுங்கள். மதகைத் திறந்து மூடுகிறவர், எந்தக் கரை எங்கே உடையும், எந்தக் கரையில் சைக்கிள் போகும், எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அறுவடைக்குப் பிறகு வாத்து மேய்க்க வருகிறவர்கள், சைக்கிளில் பால் ஊற்றுகிறவர், தபால்காரர், மீன் விற்கிற அம்மா, இவர்களோடும் ஒருநாள் கூடவே நடங்கள். கேள்வித்தாளை நீட்டி "எந்தப் பாதை பிரச்சனை?" என்று கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி" என்று சொல்லிவிடுவார்கள். கூட நடந்து பாருங்கள், ஒரு மதகு வந்ததும் அந்த அம்மா தானாகவே செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பார், அங்கே நின்று ஏன் என்று கேளுங்கள். அந்தப் பதிலைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஊர்க்கூட்டம் போடும்போது லேப்டாப்பைத் திறந்து காட்டாதீர்கள். செயற்கைக்கோள் படத்தை நாலைந்து தாளில் அச்சிட்டு ஒட்டி, பெரிதாகத் தரையில் விரியுங்கள். விரிக்கும்போது தாளின் வடக்கு நிஜமான வடக்கைப் பார்த்து இருக்கட்டும். நம் பக்கம் ஆட்கள் "கிழக்கே போயி வடக்கால திரும்பு" என்றுதான் வழி சொல்வார்கள், தாள் வேறு திசையில் கிடந்தால் குழம்பிப்போவார்கள். சரியாக விரித்துவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடக் கோயில், குளம், தலைப்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக் கடகடவென்று வழி சொல்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கூட்டத்தை ஊர்த் தெரு மாரியம்மன் கோயில் வாசலில் மட்டும் வைத்தால் காலனித் தெருக்காரர்கள் வர மாட்டார்கள், வந்தாலும் பின்னால் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள். காலனித் தெருவில் தனியாக ஒரு கூட்டம், பெண்களுக்கு மட்டும் தனியாக ஒரு கூட்டம், இரண்டும் கட்டாயம். டெல்டாவில் பல ஊர்களில் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. விளைந்து நிற்கிற வயலுக்குள்ளும் இடுப்பளவு வாய்க்கால் தண்ணீரிலும் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகிற செய்தி ஒவ்வொரு மழைக்காலத்திலும் வந்துகொண்டே இருக்கிறது. அதுவும் ஒரு நடைவழிதான், என்னைக் கேட்டால் முதலில் சரிசெய்ய வேண்டிய நடைவழி. பொதுக்கூட்டத்தில் இதை யாரும் எழுந்து சொல்ல மாட்டார்கள். தனியாகப் போய் உட்கார்ந்து கேட்டால்தான் வரும்.

அப்புறம் பருவம். ஏப்ரல் மாதம் லீவில் நீங்கள் எல்லா வழியையும் நடந்து வரைந்தீர்கள் என்றால் அந்த வரைபடம் பாதி ஆண்டுக்குப் பொய் சொல்லும். சம்பா அறுவடை முடிந்து தாளடிப் பயிரையும் அறுத்த பிறகு வயல் முழுக்கவே வழிதான், ஊரே குறுக்கே நடக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம், கடைமடை வரை தண்ணீர் வந்து சேர்ந்து நாற்று விட்டதும் அந்தக் குறுக்கு வழிகள் எல்லாம் மறைந்து, வரப்பும் கரையும் மட்டும் மிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தக் கரையும் களிமண் சேறாகிவிடும், சைக்கிள் மட்கார்டுக்குள் மண் அடைத்துச் சக்கரமே சுற்றாது. திருவையாற்று ஏழூர்ப் பல்லக்கு இதற்கு நல்ல உதாரணம். சித்திரையில் பல்லக்கோடு ஜனங்கள் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை என்று ஏழு ஊரும் நடக்கிறார்கள், தண்ணீரில்லாத காவிரி மணலிலும் குடமுருட்டி மணலிலும் இறங்கி ஏறித்தான் வழி. அதே இடத்தை ஆகஸ்டில் போய்ப் பார்த்தால் ஆறு கரை முட்ட ஓடும். ஆக, குறைந்தது இரண்டு முறை நடங்கள்: கோடையில் ஒரு முறை, ஐப்பசி மழையில் ஒரு முறை. அதிகாரியிடம் காட்டுவதற்கு மழைக்காலப் படம்தான் பேசும். செயற்கைக்கோள் படமும் மேகம் இல்லாத மாதத்தில் எடுத்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும், அதை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்து வரையாதீர்கள்.

சரி, இப்போது ஆப்புக்கு வருவோம். வரைய வேண்டிய இடம் ஓபன்ஸ்ட்ரீட்மேப். 2004-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்தது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம், அதைவிட முக்கியம், யார் வேண்டுமானாலும் மொத்தத் தரவையும் இறக்கிக்கொள்ளலாம். கூகுள் மேப்பில் நீங்கள் ஒரு பாதையைச் சேர்க்கச் சொல்லி அனுப்பினால் சேர்ப்பதும் விடுவதும் அவர்கள் விருப்பம், சேர்த்தாலும் அந்தத் தரவை எடுத்து நீங்கள் வேறு கணக்குப் போட முடியாது. ஆனால் கூகுளைப் பார்த்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நகலெடுக்கக் கூடாது, உரிமப் பிரச்சனை. அதன் எடிட்டருக்குள்ளேயே அனுமதியோடு தருகிற பிங், எஸ்ரி நிறுவனங்களின் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து வரையலாம். இதெல்லாம் சட்டப்படி சரிதானா என்று பயப்பட வேண்டாம், 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களுக்குப் பிறகு இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன்அனுமதி வாங்க வேண்டியதில்லை. ராணுவம் மாதிரியான சில இடங்களின் விவரம் தவிர.

போனில் ஆண்ட்ராய்டு இருந்தால், ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் விவரம் சேர்க்கிற ஸ்ட்ரீட்கம்ப்ளீட் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கிற இடத்தைப் பார்த்து, இந்த ரோடு தாரா மண்ணா, விளக்கு இருக்கிறதா, ஓரத்தில் நடைபாதை இருக்கிறதா என்று அதுவே கேட்கும், பதில் சொன்னால் போதும். புது வழியை வரைய, கணினியில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்திலேயே இருக்கிற ஐடி (iD) எடிட்டர். கரைமேல் டிராக்டர் போகிற வழியை 'ட்ராக்' என்றும், ஆள் மட்டும் போகிற ஒற்றையடியைப் 'பாத்' என்றும் குறியுங்கள். தரை, அகலம், விளக்கு, மழைக்காலத்தில் போகுமா போகாதா, இந்த நாலையும் விடாமல் சேருங்கள். ஊர்ப்பெயர், வாய்க்கால் பெயர், தலைப்பின் பெயர் தமிழில் போடுங்கள், பல வாய்க்கால்களின் பெயர் வயதானவர்கள் வாயில்தான் இப்போது இருக்கிறது.

தொழில்நுட்பத்தில் கவனிக்க வேண்டியது இரண்டு. போன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் அளவுக்குத் தள்ளிக் காட்டும், மூங்கில் தோப்புக்குள் இன்னும் மோசம். நம் சின்ன வாய்க்காலின் அகலமே அவ்வளவுதான், அதனால் நீங்கள் வடகரையில் நடந்தால் கோடு தென்கரையில் விழலாம். எந்தக் கரை என்று கையால் எழுதிக்கொண்டே நடங்கள், வீட்டுக்கு வந்து படத்தோடு ஒப்பிட்டு வரையுங்கள். இன்னொன்று, கோடுகள் ஒன்றோடொன்று புள்ளியில் சேர வேண்டும். நடைபாலத்தை அழகாக வரைந்துவிட்டு இரண்டு பக்கமும் கரைப்பாதையோடு இணைக்காமல் விட்டால் கண்ணுக்குப் பாலம் தெரியும், ஆனால் வழி கணக்கிடுகிற கணினிக்கு அங்கே பாலமே கிடையாது.

மக்கள் கருத்தை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றாதீர்கள். யார் போய்ப் பார்த்தாலும் உண்மை என்று சரிபார்க்கக்கூடிய விஷயம்தான் அங்கே இருக்கலாம். "இங்கே விளக்கு இல்லை" என்பது போகலாம். "இங்கே நாய் துரத்துகிறது", "சாயங்காலம் இந்த வளைவில் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்" என்பதெல்லாம் தனியாகச் சேகரிக்க வேண்டியது. அதற்கு கோபோடூல்பாக்ஸ் நல்ல கருவி, கேள்விகளைத் தமிழிலேயே வைக்கலாம், சிக்னல் இல்லாத இடத்திலும் பதிவாகும், படமும் சேர்க்கலாம். அதை யூமேப் மாதிரி ஓர் இணைய வரைபடக் கருவியில் அடுக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் எந்தப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து எந்த நேரத்தில் தனியாக எந்த வழியில் போகிறது என்பது பொதுவில் யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது. பெண்கள் பயப்படுகிற இடங்களின் பட்டியலும் அப்படித்தான், அதிகாரிக்குக் காகிதத்தில் கொடுங்கள், இணையத்தில் போட்டுவிடாதீர்கள். வழியைத் தெருமுனையிலிருந்து தொடங்கி வரைந்தால் வீடு தெரியாது. இதில் கொஞ்சமும் அசட்டையாக இருக்க வேண்டாம்.

வரைந்து முடித்தபிறகுதான் டிஜிட்டல் வரைபடத்தின் உண்மையான பலன் தெரியும். ஓபன்ரூட்சர்வீஸ் என்று ஒரு இலவச சேவை, ஜெர்மனியில் ஹைடல்பெர்க்கில் நடத்துகிறார்கள். பள்ளிக்கூடத்தைத் தொட்டு "15 நிமிஷ நடையில் எதுவரை போகலாம்" என்று கேட்டால் அந்தப் பரப்பை நிறமடித்துக் காட்டும். பள்ளிக்கு நேர் எதிர்க்கரையில் இருக்கிற தெரு அந்த நிறத்துக்குள் வராது, ஏனென்றால் பாலம் தூரத்தில். நேர்க்கோட்டில் எத்தனை மீட்டர், நடக்கிற வழியில் எத்தனை மீட்டர் என்று இரண்டு எண்ணை ஒவ்வொரு தெருவுக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். "எங்களுக்குப் பாலம் வேண்டும்" என்கிற மனுவை எல்லா ஊரும் கொடுக்கிறது. இந்த இரண்டு எண்ணையும், அந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகள் என்பதையும் சேர்த்துக் கொடுத்தால் பொறியாளர் அதைக் கோப்பில் வைத்து மேலே அனுப்ப முடியும். நாலுவழிச் சாலை வருகிற ஊர்களுக்கு இது இன்னும் அவசியம். தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக விக்கிரவாண்டி போகிற சாலையை அகலப்படுத்தியபோது வீடு ஒருபக்கம், வயல் மறுபக்கம் என்று ஆன ஊர்கள் உண்டு. சுரங்கவழி எங்கே வர வேண்டும் என்று சாலை போடுவதற்கு முன்னால் எண்ணோடு சொன்னால்தான் மதிப்பு.

யாரிடம் கொடுப்பது என்பதில்தான் நிறைய பேரின் உழைப்பு வீணாகிறது. ஆற்றங்கரை, வாய்க்கால் கரை நீர்வளத்துறையுடையது, 2021 வரை பொதுப்பணித்துறையில் இருந்தது. தெரு ஊராட்சியுடையது, இரண்டு ஊரை இணைப்பது ஒன்றியச் சாலையாக இருக்கலாம், பஸ் போகிற ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகிற ஒரே வழியில் மூன்று துறை வரும். உங்கள் வரைபடத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் துறைவாரியாக நிறம் கொடுங்கள். தெரியாத துண்டுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பழைய வருவாய்ப் பதிவேட்டில் 'பாதைப் புறம்போக்கு' என்று இருக்கிற இடம் இன்று வயலாகக்கூட ஆகியிருக்கும், நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டுகிற புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். கரை, மதகு விஷயமென்றால் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள், அங்கே நீர்வளத்துறைப் பொறியாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மற்றவை ஆட்சியரின் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில். அதற்கு முன்னால் கிராமசபையில் தீர்மானமாக ஏற்றிவிடுங்கள், ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மான எண் போட்ட மனுவுக்கு உள்ள மரியாதை வேறு.

என்ன கேட்பது என்பதிலும் யோசனை வேண்டும். வெளியூரில் பார்த்த மாதிரி கரை முழுக்க டைல்ஸ் பதித்துக் கம்பி வேலி போட்ட சைக்கிள் பாதை கேட்காதீர்கள், நீர்வளத்துறை ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளவும் கூடாது. தண்ணீர் திறப்பதற்கு முன்னால் தூர்வாருகிற பொக்லைன் அந்தக் கரைமேல்தான் நிற்க வேண்டும், அறுவடைக்கு பெல்ட் வண்டி (பெல்ட்டில் ஓடுகிற அறுவடை இயந்திரம்) அந்தக் கரை வழியாகத்தான் வர வேண்டும். ஒரு கரையில் இரண்டு மீட்டர் அகலத்துக்குக் கிராவல் போட்டு இறுக்குவது, மதகின் மேல் கைப்பிடிக் கம்பி, உடைந்த பலகைக் கல்லை மாற்றுவது, வளைவில் ஒரு சோலார் விளக்கு, பாலத்தில் ஏறுகிற சரிவைச் சைக்கிள் தள்ள முடிகிற அளவுக்குச் சமன் செய்வது, இவையெல்லாம் சின்னத் தொகையில் முடியும், இந்த ஆண்டே கேட்கலாம். நிழலையும் கேளுங்கள். 2018 நவம்பர் கஜா புயலில் மன்னார்குடி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் சாலையோர மரம் எவ்வளவு போனது என்று நமக்குத் தெரியும், மே மாதம் மூன்று கிலோமீட்டர் வெயிலில் நடக்கிறவருக்குத் தார் ரோட்டைவிட ஒரு புளியமரம் பெரிது. மரம் இருக்கிற துண்டு, இல்லாத துண்டு என்பதையும் வரைபடத்தில் குறிக்கலாம்.

ரோட்டில் நெல் காயப்போடுவதைப் பிரச்சனையாகப் பலர் எழுதித் தருவார்கள். பாதி ரோட்டை நெல் அடைத்து ஓரத்தில் கல் வைத்திருந்தால் சைக்கிள்காரர்தான் லாரிக்கு நேராகத் தள்ளப்படுகிறார், உண்மைதான். ஆனால் அதை விவசாயிமேல் புகாராகக் கொண்டுபோகாதீர்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிறார்கள், காயவைக்கக் களம் இல்லை, அவர் வேறெங்கே போவார்? களம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று குறித்து, களம் கேட்டு மனு கொடுங்கள். ரோடு தானாகக் காலியாகும்.

கும்பகோணம், தஞ்சாவூர் மாதிரி நகரத்தில் வேலை செய்கிற நண்பர்கள் இருந்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. சாலைகளுக்குத் தரம் வகுக்கிற இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல் நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் கேட்கிறது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து, டிரான்ஸ்ஃபார்மர், படிக்கட்டு, உடைந்த சாக்கடை மூடி எல்லாம் கழித்து மிச்சத்தை எழுதினால் போதும். தடையில்லாத நடைபாதை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருப்பதையும் மனுவில் சேர்க்கலாம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அதற்கு முன்னாலிருந்தே காவித் துணியோடு ஆயிரக்கணக்கானவர்கள் இரவில் நெடுஞ்சாலை ஓரமாக நடக்கிறார்கள். அவர்கள் தங்குகிற இடம், தண்ணீர், இணையாகப் போகிற உள்சாலை எது என்று ஒரு தனி வரைபடம் யாராவது செய்தால் உயிர்கள் மிஞ்சும்.

செலவு கேட்டிருந்தீர்கள். பெரிய தாளில் அச்சிடுவது, அளவு டேப், ஸ்கெட்ச் பேனா, கூட்டத்துக்கு டீ, இவ்வளவுதான். ஒரு செலவு மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்களோடு வழி காட்ட வருகிற நடவுக்காரம்மாவுக்கு அன்றைக்குக் கூலி போகும். அதைக் கொடுத்துவிடுங்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கிடைக்கிற பள்ளியாக இருந்தால், சைக்கிள் கொடுத்த மறுவாரமே அந்தப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்து வந்த வழியை வரையச் சொல்லுங்கள், அவர்களுக்குப் புதிதாகத் தெரிகிற தடைகள் அப்போதுதான் மனதில் இருக்கும். தமிழாசிரியரோ என்.எஸ்.எஸ். ஆசிரியரோ ஒருவர் கூட நின்றால் அடுத்த ஆண்டும் இது நடக்கும். நீங்கள் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விடுவீர்கள், பாலம் போட்டபிறகு வரைபடத்தைத் திருத்த ஊரில் ஒருவர் வேண்டும், இப்போதே இரண்டு பேரைப் பழக்கி வையுங்கள்.